கட் சொல்லாத மழை

தீபன்ராஜின் தலைமேல் பெய்த மழை வாடகை மழை. சித்திரை மாதத்துப் பட்டப்பகலில், சாலிகிராமத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள், தண்ணீர் லாரியிலிருந்து பம்பு போட்டு இழுத்து, குழாய் வழியாக உயரத்துக்கு ஏற்றி, ஷவர் வழியாக இறக்கிய மழை. ஒரு பாட்டுக்காகப் பெய்த மழை. ஒரு ஷாட்டுக்குப் பெய்துவிட்டு மரியாதையாக நின்றுவிட வேண்டிய மழை. அது நிற்கவில்லை. பம்பை நிறுத்தினார்கள், நிற்கவில்லை. குழாய்களைக் கழற்றிச் சுருட்டி வேனில் ஏற்றினார்கள், லாரி திருவள்ளூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது, அப்போதும் நிற்கவில்லை. அவன் காரில் ஏறினான், காருக்குள் பெய்தது. வீட்டுக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான், சாம்பாருக்குள் பெய்தது. குடை பிடித்தார்கள், குடைக்கும் தலைக்கும் நடுவில் இருந்த இடத்திலிருந்து பெய்தது.

ஏன் நிற்கவில்லை என்று சினிமாக்காரர்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. லைட்மேனிலிருந்து டீ கொடுப்பவர் வரை எல்லோருக்கும் காரணம் தெரியும். ஷாட்டை ஆரம்பித்தவர் கட் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆக்‌ஷன் சொன்ன டைரக்டர் தன் வாயால் கட் சொல்கிறவரைக்கும் ஷாட் முடியாது. மானிட்டர் அணைந்தாலும் சரி, ஆலையே இடிந்து விழுந்தாலும் சரி, ஷாட் ஷாட்தான். மழைக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கிறதே என்று இரண்டு பேர் டீக்கடையில் வியந்தார்கள். தொழில் தெரிந்த மழை என்று மூன்றாவது ஆள் சொல்ல, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த டைரக்டர் பெயர் ஜெசிந்தா. ராயபுரத்துப் பெண். தீபன்ராஜ் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரிக்கு நடுவில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில், அவனைத் தன் வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தி, காயப்போட்ட கருவாட்டுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில், செல்போனில் முதல் ஆல்பம் பாட்டை எடுத்தவள் அவள்தான். அவன் முகத்தில் இடது பக்கம்தான் முகம், வலது பக்கம் சும்மா கூட வருவது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பாட்டுக்குப் பாட்டு இடது பக்கத்தையே காட்டிக் காட்டி, ஊர் முழுக்க அவன் முகத்தைத் தெரியும்படி செய்தாள். அவனும் அவளை எல்லோர் முன்னாலும் "நம்ம ஜெசி" என்பான். நம்ம ஜெசி, நம்ம டிரைவர், நம்ம வாட்ச்மேன் என்கிற அதே குரலில்தான் சொல்கிறான் என்பது அவள் காதில் விழ நாளாகிவிட்டது.

அந்த மழைப் பாட்டு அவள் நெடுநாள் வயிற்றில் சுமந்த பாட்டு. ஆலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவன் பாடிக்கொண்டே நடக்க வேண்டும், கேமரா பின்தொடர வேண்டும், ஒரே ஷாட், இடையில் வெட்டே கிடையாது. மழைக்குழாய் பார்க்கும் சகாதேவனைக் கூப்பிட்டு, "அண்ணே, சார் எங்க போனாலும் மழை கூடவே போகணும். அவரை விடவே கூடாது" என்று சொல்லிவிட்டு, மழை பளபளக்க வேண்டும் என்பதற்காகப் பின்னாலிருந்து லைட் அடிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆக்‌ஷன் என்றாள். அவன் பாதி ஆலையைக் கடந்திருப்பான். மானேஜர் வரதன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து, விளம்பரத்துக்குப் போகிற போஸ்டரைப் பார்க்கச் சொல்லி போனை நீட்டினான். பாடல், இசை, நடிப்பு, இயக்கம்: தீபன்ராஜ். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், நன்றி என்று போட்டு ஊறுகாய்க் கம்பெனிக்கும் ஆலை முதலாளிக்கும் நடுவில் ஜெசிந்தா.

அவள் எழுந்து நின்று, என் பேர் எங்கே என்று அங்கிருந்தே கத்தினாள். அவன் நின்றான். மழை அவன்மேல் பெய்துகொண்டிருந்தது, பிளேபேக்கில் அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது, யூனிட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன ஜெசி, ஷாட்டுக்கு நடுவுல? பேருதானே? ஜனங்க என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. ஐடியா என்னோடது, கண்ணு என்னோடது. நீ கை. கைக்கெல்லாம் யாராச்சும் பேரு போடுவாங்களா?"

யாரோ சிரித்தார்கள். யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த முகத்தையும் ஆயுசுக்கும் சுமக்க வேண்டியிருக்கும்.

"அப்ப நீயே பாத்துக்கோ."

"பாத்துக்கறேன். வாசல் அந்தப் பக்கம்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் அவன் கையைத் தட்டி "கட்! கட்!" என்று சொல்வது கேட்டது. வெறும் வாய்.

மறுநாள் சகாதேவன் போன் செய்தான். "மேடம், மழை நிக்கல. பைப்பு என்கிட்ட இருக்கு, லாரி ஊருக்குப் போயிடுச்சு, மழை மட்டும் அவர்கிட்ட இருக்கு. நீங்க கட் சொல்லாம வந்துட்டீங்களாமே?" ஜெசிந்தா போனை வைத்துவிட்டு, அம்மா பிலோமினாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி, மீன் குழம்பை வழித்து ஊற்றிச் சாப்பிட்டாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தொண்டையில் இறங்காத சோறு அன்றைக்கு அப்படி இறங்கியது.

எடுத்த பாதி ஷாட்டோடு பாட்டு வெளியான மறுவாரம் அவன் வந்தான். ராயபுரத்துச் சந்துக்குள், குறுகலான மாடிப்படியில், படிக்குப் படி தண்ணீர் வழிய வந்து வாசலில் நின்றான். பிலோமினா அவன் காலடியில் ஒரு பக்கெட்டை நகர்த்தி வைத்து, "தரை வீணாகுது தம்பி, இதுக்குள்ள நின்னு பேசு" என்றாள். பாட்டு வெளியாகி ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாடகன் பக்கெட்டுக்குள் நின்று பேசினான்.

"ஜெசி, சொல்லிடும்மா. ஒரே ஒரு வார்த்தை."

"யார்கிட்ட கேக்குற?"

"உன்கிட்டதான்."

"நான் யாரு?"

அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "நாலு பேரு முன்னாடி நீதான் டைரக்டர்னு சொல்லணும், அதானே? பாட்டு வெளிய வந்துடுச்சு ஜெசி. அவார்டுக்கு என் பேர்ல அனுப்பிட்டாங்க. இப்பப் போயி இல்லேன்னா அசிங்கமாயிடும்."

"அப்ப நனை" என்று கதவைச் சாத்தினாள்.

சாத்தியது அவள் வாயையும்தான். அடுத்த பாட்டு ஒரு புதுப் பாடகிக்கு, திருவொற்றியூர்க் கடற்கரையில். முதல் ஷாட் அமோகமாக வந்தது. கட் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல் தொண்டை வரை வந்து நின்றது. இதைச் சொன்னால் அங்கே அவன் மழையும் நின்றுவிட்டால்? இருக்கிறது ஒரே ஒரு கட். யாருக்குச் சொன்னாலும் அது காற்றில் போய் அவனையும் சேர்ந்துவிட்டால்? போதும் என்றாள், நிறுத்துங்க என்றாள், கையை ஆட்டினாள், விசில் அடித்தாள். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தொழில் படித்தவர்கள், கட் கேட்காமல் நிற்க மாட்டார்கள். பாடகி மணலில் மயங்கி விழுந்தாள். விழுந்த பிறகும் உதடு பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. கேமராமேன் மெமரி கார்டு தீர்கிறவரை அதையும் எடுத்தார். "அந்தம்மா கட் சொல்ல மாட்டேங்குது" என்ற பேச்சு ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ தாவியது, வாய்ப்புகள் வந்த வழியே போயின.

டைரக்டராக இருக்க முடியாதவள் என்ன செய்வாள்? கேமரா இருக்கிறது, வஞ்சம் இருக்கிறது, நேரம் நிறைய இருக்கிறது. தீபன்ராஜின் போஸ்டர் ஒட்டியிருந்த ஒரு சுவருக்கு எதிரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டாள். ஓர் ஆடு வந்து போஸ்டரைத் தின்ன ஆரம்பித்தது. வலது பக்கத்தில் ஆரம்பித்து, காது, கன்னம் என்று நிதானமாகத் தின்று, படுத்துத் தூங்கி எழுந்து வந்து, அந்தப் பேர்பெற்ற இடது பக்கத்தையும் தின்று முடித்தது. அவள் நிறுத்தவில்லை. ராயபுரத்தில் ஒரு பழைய மிளகாய்க் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, மூட்டைச் சாக்குகளைத் தைத்துத் திரையாக்கி அதில் அந்தக் காட்சியை ஓடவிட்டாள். பார்க்க வந்தவர்கள் நெடியில் தும்மினார்கள், கண்ணீர் விட்டார்கள். ஓர் ஆங்கிலப் பத்திரிகை விமர்சகர் அந்தக் கண்ணீரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்.

அதற்கப்புறம் வரிசையாக வந்தது. சலூன் கண்ணாடியில் ஒட்டிய தீபன்ராஜ் படம் வெயிலில் வெளுத்துக்கொண்டே போகும் காட்சி. அவன் முகம் அச்சடித்த பனியன் ஒன்று மெக்கானிக் கடையில் கரித்துணியாகும் காட்சி. அவன் படம் போட்ட பிஸ்கட் பாக்கெட் காசிமேட்டு அலையில் போவதும் வருவதுமாக ஊறி நைந்துபோகும் காட்சி. எதிலும் வெட்டு இல்லை, முடிவு இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஆர்ட் கேலரி நடத்தும் மிருணாளினி, கைத்தறிப் புடவையும் பெரிய பொட்டுமாக மிளகாய்க் கிடங்குக்கே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "பிம்பம் சிதையும் காலத்தை நீங்க அப்படியே விட்டுடறீங்க" என்றாள். ஜெசிந்தா விட்டுவிடவில்லை, ஒரு நொடியையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மிருணாளினிக்கு எப்படித் தெரியும். அந்தக் காட்சிகள் கொச்சிக் கலைவிழாவுக்குப் போயின, கடல் தாண்டிப் போயின, விஷுவல் ஆர்ட்டிஸ்ட் என்று போட்டு அவள் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சடித்தார்கள். உங்கள் படைப்புகளில் ஏன் வெட்டே இல்லை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "வெட்ட வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கான், அவனுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். அதில் ஆழம் இருப்பதாக நினைத்துக் கைதட்டினார்கள்.

இங்கே அவள் பெயர் வளர, அங்கே அவன் அழுகிச் சாக வேண்டும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. முதலில் கணக்கு சரியாகத்தான் போனது. அவன் குடியிருந்த அடுக்குமாடியில் கீழ்வீட்டுச் சீலிங் ஊறியது. குடியிருப்போர் சங்கம் கூடி, தீபன்ராஜ் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டு, பிறகு மாடிப்படியையும் பயன்படுத்தக் கூடாது என்று போட்டது. ஆட்டோக்காரர்கள் சீட்டு வீணாகும் என்று நிறுத்தாமல் போனார்கள், கட்டட வேலைக்கு மணல் அள்ளும் மினி லாரியில் பின்னால் நின்றுகொண்டுதான் எங்கும் போனான். விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கிக் கிடந்தன. பவுடர் பூசினால் குழம்பாகி வழிந்தது. மழைக்குழாய்க்காரர்கள் சங்கம், உறுப்பினர் அல்லாத ஒருவர் படப்பிடிப்பில் மழை பெய்விப்பதை ஏற்க முடியாது என்று கொடி பிடித்தது. கடைசியில் அவனையே உறுப்பினராகச் சேர்த்து, நனையாதபடி லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டது.

பிறகு அவன் கருணாம்பிகைத் தெருவில், முன்னால் கொஞ்சம் வெற்றிடம் உள்ள ஒரு தரைவீட்டுக்குக் குடிவந்தான். அங்கேதான் கணக்கு தப்பியது.

அது தண்ணீர் வராத தெரு. அடிபம்பு அடித்தால் மூச்சிரைப்பு மட்டும் வரும். லாரி வருமென்று பெண்கள் வெயிலில் காய்ந்து கிடப்பார்கள், அது வந்தால் வரும். ஒருநாள் காலையில் தீபன்ராஜ் கேட்டுக்கு வெளியே நின்று யாரிடமோ, உறையில் போட்ட போனில் பேசிக்கொண்டிருந்தான். தோசை மாவு அரைத்து விற்கும் பவுனம்மா, ஊற வைத்த அரிசியைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் காலிக் குடத்தோடு போனவள், நின்றாள். அவனையும் பார்த்தாள், அவனைச் சுற்றிச் சாக்கடைக்குப் போகும் தண்ணீரையும் பார்த்தாள். குடத்தை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"சும்மாத்தானே நிக்கிற? கொஞ்சம் இப்பிடி நவுந்து நில்லுப்பா. அங்க இல்ல, கொடத்துக்கு நேரா."

அவன் திகைத்து நகர்ந்து நின்றான். குடம் நிறைந்தது. அவள் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணிதான், வயக்காட்டுக் கெணத்துத் தண்ணி" என்று அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். மறுநாள் நாலு குடம், அடுத்த நாள் தெரு நீளத்துக்குக் குடம். பச்சை, ஊதா, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் அவனைச் சுற்றிக் கும்மி அடித்தன. வரதன் டோக்கன் கொடுத்தான். இந்தத் தெருக்காரர்களுக்குக் குடிக்க, பக்கத்துத் தெருவுக்குத் துணி துவைக்க மட்டும் என்று ஒரு முறை வந்தது, அதற்காக ஒரு சண்டை வந்தது, சண்டைக்காக ஒரு பஞ்சாயத்து வந்தது. அந்தத் தண்ணீரில் சோறு பூவாக வேகிறது என்றார்கள். தீபன்ராஜ் முகத்தை நிமிர்த்தி, கைகளை விரித்து, இடது பக்கம் ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டான். பின்னாலிருந்து லைட் அடித்த மழை அல்லவா, மேகமூட்டமான நாளிலும் அவனைச் சுற்றி மட்டும் பளபளவென்று ஜொலித்தது. குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்கள். காய்ந்த மாவட்டங்களிலிருந்து அழைப்பு வந்தது, மினி லாரிக்குப் பூ அலங்காரம் வந்தது. மழைக் காட்சி இல்லாத படத்தில் அவன் நடிக்கவே இல்லை.

ஜெசிந்தா டீக்கடை டிவியில் அவனைப் பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்தே வானத்துக்கும் எனக்கும் ஒரு பேச்சுவார்த்தை உண்டு" என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மழை, என் ஷாட், நான் ஆயிரம் முறை கண்ணை மூடி ஓட்டிப் பார்த்த பளபளப்பு. அதில் நின்றுகொண்டு வானத்தோடு பேசுகிறானாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போய் நின்று, முகத்துக்கு நேராகக் கட் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்றுதான் போனாள்.

வரிசை நீளம். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் பவுனம்மா நின்றாள், குடத்தை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். மாவுக் கடையைத் திரும்பத் திறந்ததை, மகள் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போவதை, லாரிக்காரனோடு சண்டை போட்டுத் தொண்டை கட்டாததை எல்லாம் சொன்னாள். "எந்தப் புண்ணியவதி பெத்தாளோ அந்தப் புள்ளய" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பெத்தது யாரோ. பெய்ய வெச்சது நான்" என்றாள் ஜெசிந்தா.

பவுனம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "வெயில்ல நின்னு இன்னாமோ ஆயிடுச்சு உனக்கு. இந்தா, மொதல்ல தண்ணி குடி" என்று தன் குடத்தின் அடியில் இருந்த நேற்றைய மீதித் தண்ணீரைச் சாய்த்துக் கொடுத்தாள். ஜெசிந்தா குடித்தாள். அவள் பெய்வித்த தண்ணீர், முதல் முறையாக அவள் வாய்க்குள் போனது. குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு மேல் கட் எங்கிருந்து வரும்? தூரத்தில் அவன் இடது கன்னம் பளபளக்க நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, குடத்தோடு திரும்பினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். சொன்னால் தெரு காயும், சொல்லாவிட்டால் அவன் செழிப்பான். இப்படி ஒரு பழிவாங்கல் யாருக்காவது எழுதி வைத்திருக்கிறதா என்று அழுகை வந்தது.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற மிருணாளினி வந்தாள். "ஜெசிந்தா, ஒரு ஐடியா. ஐடியா என்னோடது இல்ல, தீபன்ராஜோடது. அவரும் இப்ப விஷுவல் ஆர்ட் பக்கம் வர்றார். அவரே ஒரு படைப்பு, அந்த மழையே ஒரு படைப்பு. அவர் தெருவுலயே நேரடியா வைக்கறோம். அன்னிக்கு மந்திரி அவருக்கு மாரிநாயகன்னு பட்டம் குடுக்கறாங்க. நீங்க கேமரா மட்டும் பாத்துக்கிட்டா போதும். கருத்தாக்கம் அவர் பேர்ல வரும், ஒளிப்பதிவு உதவின்னு உங்க பேரும் போட்டுடலாம்."

ஜெசிந்தா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மிருணாளினி பார்த்ததில்லை. "தாராளமா வர்றேன்" என்றாள்.

விழா அன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடை ஒரு பக்கம், நாற்காலிகளில் பெரிய மனிதர்கள், கலை தெரிந்தவர்கள். மறுபக்கம் மேடைக்குக் கீழே, வளையம் வளையமாகக் குடங்கள், குடங்களுக்குப் பின்னால் பெண்கள். மந்திரி நனையாமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். தீபன்ராஜ் மேடை விளிம்பில், வெள்ளை வேட்டி சட்டையில், பிளாஸ்டிக் உறை போட்ட காலர் மைக்கோடு, கைகளை விரித்து நின்றான். மழை இரைச்சலில் அவன் பேசுவது ஸ்பீக்கரில் அப்பளம் பொரிகிற மாதிரிதான் கேட்டது. ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஜெசிந்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவனுக்கு எதிரே நின்றாள். கேமரா கொண்டுவரவில்லை. அவன் பார்த்தான். கை தானாக இறங்கியது. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து, மழைக்குள்ளிருந்து சொன்னான்: "ஜெசி, வேணாம். பேர்தானே? இணை இயக்கம்னு போட்டுடறேன். சின்னதா இல்ல, பெருசாவே போடறேன்."

"கட்" என்றாள் ஜெசிந்தா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை நின்றது. கடைசிச் சொட்டு அவன் மூக்கு நுனியில் நின்று விழுந்தது. பளபளப்பு போய், சாதாரண சாயங்கால வெளிச்சத்தில், ஊறி வெளுத்த ஓர் ஆள் ஒட்டிக்கொண்ட வேட்டியோடு நின்றான். அத்தனை வருஷம் கழித்து அவன் காதுக்குள் அமைதி விழுந்தது. பதறிப்போய் வானத்தைப் பார்த்து "ஆக்‌ஷன்!" என்றான். ஒன்றும் இல்லை. "ரோலிங்! ஆக்‌ஷன்!" ஒரு காக்கா கத்தியது. பின்வரிசையில் சிரித்தார்கள். அவன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து ஜெசிந்தாவின் காதருகே குனிந்தான். மழை இரைச்சலுக்குள்ளேயே பேசிப் பழகியவன், காலர் மைக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான்.

"ஜெசி, ஒன் மோர் போலாம்மா. நீதான் டைரக்டர். எனக்குத் தெரியும், ஆரம்பத்துலேர்ந்து தெரியும், எல்லாப் பாட்டும் நீ எடுத்ததுதான். இதுங்களுக்கு மட்டும் தெரிய வேணாம். இதுங்க தண்ணி கெடைச்சாப் போதும்னு நிக்கிற கூட்டம், யார் பெய்ய வெச்சா என்னன்னு கண்டுக்காது."

தெருவின் இரண்டு முனையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் ஒவ்வொரு சொல்லையும் கணீரென்று சொல்லி முடித்தன. மந்திரி எழுந்து செருப்பைத் தேடினார். மிருணாளினி கையைப் பிசைந்தாள். தீபன்ராஜ் தன் காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றான். ஜெசிந்தாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, நெஞ்சு நிறையக் குளிர்ந்தது.

பவுனம்மா குடங்களைத் தாண்டி முன்னால் வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. "அப்ப அன்னிக்கு நீ சொன்னது நெசந்தானா? வெயில்ல ஒளறுறேன்னு நெனச்சேன். தண்ணி விட்டது நீயா, டைரக்டரம்மா?"

ஜெசிந்தா அந்தக் குடங்களைப் பார்த்தாள். பாதி நிறைந்தவை, காலியானவை, மூடி தொலைந்தவை. இரண்டு கை விரல்களையும் சேர்த்துக் கட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் நடந்தாள், பக்கவாட்டில் நகர்ந்தாள், அடிபம்பிலிருந்து மாவுக்கடை வரைக்கும் தெரு முழுக்க அடங்குகிறவரைக்கும் நகர்ந்தாள். இதற்கும் இனிக் கட் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன, இதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஒன் மோர்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மழை இந்த இடத்துலயே பெய்யட்டும், எங்கயும் போக வேணாம். குடமெல்லாம் இருக்கட்டும். ஆர்ட்டிஸ்ட் வேண்டாம், ஃபிரேமுக்கு வெளிய போகலாம். ஆக்‌ஷன்."

பந்தலுக்கும் தரைக்கும் நடுவிலிருந்து தெரு முழுக்கக் கொட்டியது. பெண்கள் கத்திக்கொண்டு குடங்களை நேராக்கினார்கள். தீபன்ராஜ் அரை நிமிடம் வெளியே நின்று பார்த்தான், பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் ஓடிவந்தான், நடுவில் நின்றான், இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினான், கைகளை விரித்தான். மழை அவனைச் சுற்றிக்கொண்டு பெய்தது. அவன் மேல் ஒரு சொட்டு விழவில்லை. தலைக்கு மேலே, விரித்த கைக்குக் கீழே, அவன் அளவுக்கு ஒரு காய்ந்த இடம் அவனோடேயே நகர்ந்தது. அந்தக் காய்ந்த இடத்துக்குள் பவுனம்மாவின் குடம் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யோவ், அறிவிருக்கா? தள்ளி நில்லுய்யா, கொடம் ரொம்ப மாட்டேங்குது."